உதிர்வமிலம் வேண்டுமா? (குளிர்தாங்கல் இயலுக்கான கலைச்சொல்)

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மேனிலைத் தாவரவியல் துணைநூல் ஒன்றுக்காக, பயிர்கள் குளிரைத் தாங்கும் விதம் பற்றிய இயலை மொழிபெயர்த்து வருகிறேன். கைப்படி வெள்ளிக்கிழமை அச்சகத்திற்குப் போக வேண்டும். பயிரைக் குளிரிலிருந்து காக்க உதவும் தாவர ஹார்மோனான அப்சிசிக் அமிலத்தை முதற்படியில் 'உதிர்வமிலம்' என்று எழுதியிருந்தேன். அதை வகுப்பில் படித்துக் காட்டிய நண்பரிடம் ஒரு மாணவி, "இலையை உதிர்க்கும் அமிலம் பயிரை எப்படி ஐயா காப்பாற்றும்?" என்று கேட்டிருக்கிறாள். எனக்கு விடை தெரியவில்லை.

*

> உதிர்வமிலம் என்று எழுதியிருந்தேன்

ஐயா, பிழை மூலப்பெயரிலேயே இருக்கிறது. 1963-இல் கலிபோர்னியாவில் அடிகாட் குழுவினர் பருத்திப் பிஞ்சுகளிலிருந்து இதைப் பிரித்தபோது உதிர்தலை (ஆங்கிலத்தில் abscission) கருதிப் பெயரிட்டனர். வேல்ஸில் மர மொட்டுகளின் உறக்கத்தை ஆராய்ந்த வேரிங் குழுவினர் இதே பொருளை 'டார்மின்' என்றனர். 1967-இல் முன்னது வென்றது. உதிர்தலை முதன்மையாக நடத்துவது எத்திலீன் என்ற வேறொரு ஹார்மோன் என்பது பிறகுதான் தெளிவாயிற்று. ஆகவே காரணப்பெயராகப் பிறந்தது இடுகுறியாக நிலைத்துவிட்டது. தமிழில் அதை மீண்டும் காரணப்பெயராக்கினால், அங்கே செத்த பிழை இங்கே உயிர்பெறும்.

அதன் வேலையைப் பாருங்கள். நீலகிரியில் உறைபனி விழுந்த பிறகு தேயிலைக் கொழுந்து தீயில் வாட்டியதுபோல் பழுப்பேறி, விரலிடையில் சருகாக நொறுங்கும். பனிப்படிகம் முதலில் செல்லுக்கு வெளியே, செல்லிடை வெளிகளில் உருவாகி, உள்ளிருக்கும் நீரை இழுத்துக்கொள்வதால், குளிரே செல்லுக்கு வறட்சியாகிறது. வறட்சியில் பெருகும் அப்சிசிக் அமிலம் இங்கும் கைகொடுக்கிறது. அது ஏற்பிப் புரதத்தோடு இணைந்ததும், அதுவரை தடையாக நின்ற பாஸ்பட்டேஸ் நொதி அடங்க, கட்டவிழ்ந்த கைனேஸ் நொதிகள் காப்பு மரபணுக்களை முடுக்குகின்றன. புரோலின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரைகளும் டீஹைட்ரின் புரதங்களும் செல்லில் சேர்ந்து, நீர் வற்றிய நிலையிலும் சவ்வு குலையாமல் காக்கின்றன. விதை முளைக்காமல் அடங்குவதும் இலைத்துளை மூடி அடங்குவதும் இதனாலேயே. எனவே 'அடங்கலமிலம்' என்பேன்.

*

> எனவே 'அடங்கலமிலம்' என்பேன்

எங்கள் ஊரில் அடங்கல் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பயிர்ப் பதிவேடு. விவசாயி வீட்டுப் பிள்ளை, இந்த அமிலத்துக்கு யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று கேட்பான். தேர்விலும் பாடநூலிலும் அப்சிசிக் என்றே இருக்கும்போது அவனை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? இயலின் தலைப்பில் ஹார்மோனை 'இயக்குநீர்' ஆக்கியிருப்பதையும் மாற்றிவிடுங்கள். எத்திலீன் வாயு, அது எவ்வாறு நீராகும்?

*

> எவ்வாறு நீராகும்?

நீர் என்பதற்கு நீர்மை, அதாவது தன்மை, என்ற பொருளும் உண்டு. இயக்கும் நீர்மையுடையது இயக்குநீர் எனக் கொள்ளலாம். அடங்கு, அடை, அடக்கு ஆகிய மூன்றும் 'அடு' என்ற ஒரே வேரில் கிளைத்தவை என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறேன்; இலைத்துளை அடைவதும் நொதி அடங்குவதும் ஒரு வேரில் சந்திப்பது தமிழின் பேறு. ஆக்சிஜன் என்ற பெயரும் 'அமிலம் பிறப்பிப்பது' என்ற பிழையான கருத்தில் எழுந்ததுதான். நாம் அதை மொழிபெயர்க்கவில்லை. செயலை நோக்கி 'உயிர்வளி' என்றோம். அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

*

அன்பர்களே, உயிர்வளி வாதத்தை மறுக்க என்னிடம் விடையில்லை. ஆயினும் நாளை வெள்ளி. தனிமடல்களையும் சேர்த்து எண்ணியதில் ஐவர் அப்சிசிக் அமிலம் என்கிறார்கள், இருவர் அடங்கலமிலம் என்கிறார்கள், உதிர்வமிலத்துக்கு ஒருவரும் இல்லை, நான் உட்பட. அப்சிசிக் என்றே போடுகிறேன். பெயர் வந்த கதை அடிக்குறிப்பில் வரும். இயக்குநீர் அடுத்த பதிப்புக்கு.

*

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அடங்கல் பயிரைக் கணக்கெடுக்கும் ஏடுதானே? பயிர் நூலில் அந்தச் சொல் வருவதில் என்ன குறை?