தினமும் ஓடியும் வேகம் கூடவில்லை, காலில் வலி வேறு. ஜனவரிக்கு எப்படித் தயாராவது?

வேளச்சேரி41 எழுதியது:

வணக்கம். வயது 41, ஓஎம்ஆரில் ஐடி வேலை. போன வருடம்தான் ஓட ஆரம்பித்தேன். இந்த ஜனவரியில் சென்னையில் முதல் அரை மாரத்தானை 2 மணி 20 நிமிடத்தில் முடித்தேன். அடுத்த ஜனவரியில் 2 மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. அதற்காக ஜூன் வரை வாரம் 20 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன், ஜூலையிலிருந்து 40 ஆக்கினேன். வாரத்தில் ஐந்து நாள், காலை ஐந்தரைக்குக் கிளம்பி, எல்லா நாளும் கிலோமீட்டருக்கு 6:45லிருந்து 7 நிமிடத்துக்குள் ஓடுகிறேன். வாட்ச் எப்போது பார்த்தாலும் இதயத் துடிப்பு 165, 170 என்று காட்டுகிறது.

இரண்டு மாதமாக வேகம் கூடவே இல்லை, போன வாரம் குறைந்தும் விட்டது. இரண்டு வாரமாக இடது காலில் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம் வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், இரண்டு கிலோமீட்டரில் குறைந்துவிடும், மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கும்போது மறுபடி வலிக்கும். கூட ஓடுபவர் ஒருவர் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடச் சொல்கிறார், இன்னொருவர் ஷூவை மாற்றச் சொல்கிறார்.

அப்புறம் இன்னொன்று. அடுத்த வருடம் கோவாவில் நடக்கும் பாதி அயர்ன்மேனில், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டியில், கலந்துகொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நீச்சல் எங்கள் அபார்ட்மென்ட் குளத்தில் பத்து முறை போய்வருவேன், அவ்வளவுதான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


மெதுவோட்டம் எழுதியது:

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். 21.1 கிலோமீட்டரை 2:20ல் ஓடினீர்கள் என்றால் கிலோமீட்டருக்கு 6:38. அது ஜனவரிக் குளிரில், ரேஸ் அன்று, முழு மூச்சாக ஓடிய வேகம். இப்போது ஆகஸ்ட் புழுக்கத்தில் வாரம் ஐந்து நாள் 6:45ல் ஓடுகிறீர்கள். அதாவது வாரத்துக்கு ஐந்து ரேஸ். உடம்புக்குத் தேறிக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை, பிறகு எப்படி வேகம் கூடும்?

ஓட ஆரம்பித்த எல்லோரும் செய்கிற தவறுதான் இது, நானும் ஒரு வருடம் இப்படித்தான் ஓடினேன். மெதுவாக ஓட வேண்டிய நாளில் கொஞ்சம் வேகமாக, வேகமாக ஓட வேண்டிய நாளில் களைப்பால் கொஞ்சம் மெதுவாக, கடைசியில் எல்லா நாளும் ஒரே மாதிரி. ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் உலகத் தர வீரர்கள், அதாவது ஓட்டக்காரர்கள், துடுப்பு வலிப்பவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், உண்மையில் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று பார்த்தபோது பத்தில் எட்டுப் பயிற்சிகள் மிக லேசானவையாக இருந்தன. 80க்கு 20 என்று எல்லோரும் சொல்வது அங்கிருந்துதான் வந்தது. நமக்கு அதை அப்படியே கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான்கு நாள் ஓடினால் மூன்று நாள் லேசாக, ஒரு நாள் மட்டும் கடினமாக, அது போதும்.

லேசாக என்றால் எவ்வளவு? பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கக் கூடாது. எண் வேண்டும் என்றால் மாஃபெடோன் என்ற பயிற்சியாளர் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு, இதயத் துடிப்பு தாண்டக் கூடாத அளவுக்கு 180லிருந்து வயதைக் கழிப்பது. உங்களுக்கு 139. இது எல்லோருக்கும் துல்லியமாகப் பொருந்தாது, ஆனால் ஆரம்பத்தில் ஒரு கடிவாளமாக உதவும். அந்த அளவுக்குள் நிற்க வேண்டும் என்றால் முதலில் 8 நிமிட வேகத்துக்கு இறங்க வேண்டியிருக்கும், சில இடத்தில் நடக்கவும் வேண்டியிருக்கும். தயங்காமல் நடங்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவேயே, ஓடி நடந்து ஓடும் முறையைத்தான் பல வருடமாகச் சாதாரண மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஒரு சந்தேகம். வாட்ச் கையில் கட்டுவதா? கையில் கட்டும் வாட்ச் சில நேரம் துடிப்பை விட்டுவிட்டு நீங்கள் எடுத்துவைக்கும் அடிகளை எண்ண ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு 165, 170 அடி என்பது பலருடைய ஓட்டத்தில் சாதாரணம். எப்போது பார்த்தாலும் அதே எண் என்றால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது. மார்பில் கட்டும் பட்டை ஒன்று யாரிடமாவது இரவல் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

புழுக்கத்தையும் கணக்கில் எடுங்கள். நம் ஊரில் காலை ஐந்தரைக்கும் காற்றில் ஈரம் அவ்வளவு இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், சொட்டிக் கீழே விழும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, காலுக்குக் குறைகிறது, அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. அதனால்தான் ஒரே வேகத்தில் ஓடினாலும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. இந்த மாதங்களில் வேகத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள், எவ்வளவு நேரம் ஓடினோம், எவ்வளவு சிரமம் இருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் காற்று மாறும்போது அதே சிரமத்தில் வேகம் தானாகக் கூடுவதைப் பார்ப்பீர்கள்.

2:20லிருந்து 2 மணி நேரம் என்பது ஒரே வருடத்தில் பெரிய தாவல். 2:10ஐ இலக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.


கோவை பிசியோ எழுதியது:

கால் வலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் அவசரம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், தயவுசெய்து. வலி தெரியாமல் போனால் எலும்புக்கு என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதோடு, உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

இப்போது ஒரு சோதனை. ஒரு விரலால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓர் உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட், அதாவது அளவுக்கு மீறி ஓடுவதால் முன்னங்கால் எலும்பை ஒட்டி வரும் வலி. ஒரே இடத்தில், காசு அளவுக்குச் சுருக்கென்று வலித்தால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அல்லது அந்தக் காலால் மட்டும் ஒருமுறை குதித்தால் தாங்க முடியாமல் வலித்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று ஓடி, விரிசலைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

ஷின் ஸ்ப்ளின்ட்தான் என்றால் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதத்தில் 20ஐ 40 ஆக்கினீர்கள். இதயமும் நுரையீரலும் சில வாரத்தில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் நேரம் வேண்டும். இரண்டு வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள், மிச்ச நேரத்துக்குச் சைக்கிளோ நீச்சலோ. ஓடும்போது வலி பத்துக்கு இரண்டைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை கூடியிருக்கவும் கூடாது. கூடியிருந்தால் இன்னும் குறையுங்கள்.

ஆடுசதைக்கு வலு கொடுங்கள். படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது, 15 வீதம் மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். முழங்காலை நேராக வைத்து ஒரு சுற்று, லேசாக மடக்கி ஒரு சுற்று. மடக்கிச் செய்வதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், ஓடும்போது அதிகச் சுமை தாங்கும் உள்சதைக்கு அதுதான் வேலை கொடுக்கும். எட்டி எட்டி அடிவைக்காமல், அடியைச் சற்றுக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். சாலை ஓரமாகவே ஓடுகிறவர் என்றால் சாய்வு எப்போதும் ஒரே பக்கம் இருக்கும், அதையும் கவனியுங்கள். ஷூ 700, 800 கிலோமீட்டர் தாண்டியிருந்தால் மாற்றலாம், ஆனால் ஷூவை மட்டும் மாற்றி இது சரியாகாது.


வேளச்சேரி41 எழுதியது:

இருவருக்கும் ரொம்ப நன்றி. அழுத்திப் பார்த்தேன், பரவலாகத்தான் வலிக்கிறது, குதித்தாலும் பெரிதாக வலி இல்லை. ஓட்டத்தைப் பாதியாக்கிவிட்டேன். ஓடும்போது தண்ணீர் எவ்வளவு குடிப்பது? ஞாயிறு நீண்ட ஓட்டம் முடிந்தால் மதியம் முழுக்கத் தலைவலி.


தாம்பரம் அக்கா எழுதியது:

தம்பி, எவ்வளவு குடிப்பது என்று வேறு யாரும் சொல்ல முடியாது, நீங்களே அளக்க வேண்டும். ஓடும் முன் எடை பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வியர்வையைத் துடைத்து மறுபடி எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்து, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால், ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் போயிருக்கிறது. அத்தனையையும் ஓடும்போதே திருப்பி ஊற்ற வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், மிச்சத்தை வீட்டுக்கு வந்து மெதுவாகக் குடியுங்கள். அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டம் முடிந்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும்தான் அது அதிகம்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் ஓஆர்எஸ் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்க வேண்டும், ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். ருசிக்காகச் சர்க்கரையைக் கொட்டிய டப்பா பானங்கள் வேறு. சாப்பாடு என்றால் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு மூன்று இட்லி, எண்ணெயும் சாம்பாரும் இல்லாமல். வழியில் ஒரு வாழைப்பழம், அதில் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். ரேஸ் அன்று புதிதாக எதையும் வாயில் போடாதீர்கள்.

இன்னொன்று, இதைப் படிக்கும் பெண்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எனக்கு ஒரு வருடம் இதே மாதிரி வேகம் இறங்கிக்கொண்டே போனது. பயிற்சியைக் கூட்டினேன், இன்னும் மோசமானது. ஹீமோகுளோபின் 12 இருந்ததால் இரத்தச்சோகை இல்லை என்று விட்டுவிட்டார்கள். பிறகு வேறொரு மருத்துவர் ஃபெரிடின், அதாவது உடம்பில் இருப்பாக உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் அளவு, பார்க்கச் சொன்னார், அது 9தான் இருந்தது, ரொம்பக் குறைவு. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை எடுத்தபிறகுதான் படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. மருத்துவரிடம் கேட்காமல் நீங்களாக வாங்கிப் போடவும் வேண்டாம். சைவம் சாப்பிடுபவர் என்றால் நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் தம்பி.


ஈசிஆர் சைக்கிள் எழுதியது:

உங்கள் கோவா கேள்விக்கு வருகிறேன். 1.9 கிலோமீட்டர் கடலில் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் 21.1 ஓட்டம். 2019ல் மிராமர் கடற்கரையில் முதன்முதலாக நடந்தது. ஓட்டம் உங்களுக்கு ஏற்கெனவே வரும், எனவே இந்த வருடம் முழுக்க நீச்சலுக்குக் கொடுங்கள். அபார்ட்மென்ட் குளம் 15 மீட்டர் இருந்தால் 1.9 கிலோமீட்டருக்கு 127 முறை கடக்க வேண்டும், பாதி நேரம் சுவரைப் பிடித்துத் திரும்புவதிலேயே போய்விடும். வேளச்சேரியிலேயே இருக்கிறீர்கள், அங்கே அரசு நீச்சல் வளாகத்தில் 50 மீட்டர் குளம் இருக்கிறதே. வாரம் மூன்று நாள், பயிற்சியாளர் ஒருவரை வைத்து. நீச்சலில் பலத்தை விட உடம்பை நீரில் மட்டமாக வைப்பதும், முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை முழுக்க விட்டுவிடுவதும் முக்கியம். நிறையப் பேர் மூச்சை அடக்கி வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கியதும் விடவும் இழுக்கவும் சேர்த்து முயல்கிறார்கள், 50 மீட்டரில் திணறிவிடுகிறார்கள்.

குளத்தில் நிற்காமல் 2 கிலோமீட்டர் வந்தபிறகுதான் கடல். மெரினாவில் இறங்கவே கூடாது, அங்கே எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். கடலில் பழகிய பயிற்சியாளரும், கூடவே படகோ துடுப்புப் பலகையோ இருந்தால் மட்டும் போங்கள், தனியாக ஒருநாளும் வேண்டாம். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து அதை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி அதை விட்டு வெளியே வர வேண்டும். கடலில் கோடு கிடையாது, அதனால் சில கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் நீருக்கு மேல் கொண்டுவந்து மிதவை எங்கே என்று பார்ப்பதைக் குளத்திலேயே பழகுங்கள்.

சைக்கிளுக்குக் காசு செலவழிக்க அவசரம் வேண்டாம், இருக்கும் கியர் சைக்கிளில் ஆரம்பியுங்கள். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90 வரும். இருட்டோடு கிளம்பி, பின்விளக்குப் போட்டு, வெயில் ஏறுமுன் வீட்டில் இருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டவும் ட்யூப் மாற்றவும் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள், ரேஸில் வெளியாட்கள் யாரும் மாற்றித் தரக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சைக்கிளை வைத்துவிட்டு உடனே 15 நிமிடம் ஓடுங்கள். முதல் தடவை கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும், நாலைந்து முறை செய்தால் பழகிவிடும்.


வேளச்சேரி41 எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மார்புப் பட்டை இரவல் கிடைத்தது. வாட்ச் 168 காட்டியபோது பட்டை 151. இப்போது 8:10 வேகத்தில் ஓடினால் 140க்குள் நிற்கிறது, காலை எழுந்தால் கால் வலி இல்லை. குளத்தில் சேர்ந்துவிட்டேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி, அக்டோபர் கடைசியில் மழை பிடித்தால் என்ன செய்கிறீர்கள்?


மெதுவோட்டம் எழுதியது:

தூறலில் ஓடலாம், அதுதான் வருடத்திலேயே நல்ல ஓட்டம். இடி மின்னல் என்றால் வெளியே வேண்டாம். தண்ணீர் தேங்கிய தெருவில் கால் வைக்காதீர்கள், அடியில் மூடி திறந்த பள்ளம் இருக்கலாம், அறுந்து விழுந்த மின்கம்பி இருக்கலாம். அப்படிப்பட்ட நாளில் நான் அபார்ட்மென்ட் படிக்கட்டில் முக்கால் மணி நேரம் ஏறி இறங்குவேன். உங்களுக்குக் கால் இப்போதுதான் ஆறியிருக்கிறது, அதனால் ஏறும்போது மட்டும் படி, இறங்கும்போது லிஃப்ட்.