சீமைக் கருவேலம் அகற்றிய மேய்ச்சல் நிலம்: அடுத்து என்ன செய்யலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூர் பக்கம். கண்மாயை ஒட்டிய மேய்ச்சல் புறம்போக்கில் மண்டியிருந்த சீமைக் கருவேலத்தை ஊராட்சி அனுமதியோடு அகற்றினோம். ஒப்பந்தக்காரர் கரிமூட்டத்துக்கு ஆகும் கட்டைகளை வெட்டி எடுத்துக்கொண்டு, தூர்களை மண்ணிலேயே விட்டுவிட்டார். ஒரு மழைதான் பெய்தது. தூருக்குத் தூர் கொத்தாகத் தழைத்து நிற்கிறது. போதாக்குறைக்கு, நெற்றைத் தின்ற ஆடுகளின் புழுக்கையிலிருந்து புதுக் கன்றுகள் வேறு.

தூர்களில் கழிவு எண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள். கண்மாய்த் தண்ணீரை மாடும் குடிக்கும், ஆளும் குளிக்கும். அந்தப் பேச்சே வேண்டாம். கடப்பாரையால் தோண்டியவர்கள், எவ்வளவு ஆழம் போனால் மறுபடி துளிர்ப்பதில்லை என்று சொல்லுங்கள். பொக்லைன் வைத்தால் குழிகளை எப்படி மூடினீர்கள்?

இலவசக் கன்றுகள் தருவதாகச் சிலர் முன்வந்திருக்கிறார்கள். நல்ல மனதுதான், ஆனால் கரிசலும் உவரும் கலந்த இந்த மண்ணில் மகிழமும் நாவலும் எத்தனை கோடை தாங்கும்? அய்யனார் கோயில் காட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்பவை உகா, வெள்வேல், நாட்டுக் கருவேலம், இசங்கு. இவற்றின் விதையோ நாற்றோ எங்கே கிடைக்கும்? கொழுக்கட்டைப் புல் விதையும் வேண்டும். ஆட்டுக்காரர்களுக்கு முதலில் புல்தான் தேவை. அவர்களைப் பகைத்துக்கொண்டு ஒரு கன்றைக்கூட காப்பாற்ற முடியாது.

கரி போட்டுப் பிழைத்த வீடுகளும் எங்கள் தெருவில் உண்டு. அவர்களுக்கு மாற்று வேலை ஏற்பாடு செய்த ஊர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன் விதைக்க நினைக்கிறோம்.