ஒரே பெயரில் டேகும் பிராஞ்சும்: எப்படிப் பிரிப்பது?

வணக்கம் நண்பர்களே. நாங்கள் ஐந்து பேர் கிட்டில் (Git, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஒரு கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். வெளியீட்டுக்கு ஒரு பிராஞ்ச் (தனியாக வளரும் கிளை) என்று 2.3, 2.4 எனப் பெயர் வைத்தோம். வெளியிட்ட அன்று அதே பெயரில் டேகும் (அன்றைய நிலையிலேயே நிற்கும் அடையாளம்) போட்டுவிட்டோம், அதுதான் வினை.

போன வாரம் 2.4 பிராஞ்சில் செய்த திருத்தத்தை மெயினில், அதாவது முதன்மைக் கிளையில், மெர்ஜ் செய்தேன் (இணைத்தேன்). மெர்ஜ் செய்யும்போது பெயர் பிராஞ்ச், டேக் இரண்டுக்கும் பொருந்தினால் கிட் டேகைத்தான் எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை வந்தது, நான் கவனிக்கவில்லை. திருத்தம் மெயினுக்கு வராமலே அடுத்த வெளியீடு போய்விட்டது. வாடிக்கையாளர் அதே பிழையைச் சொன்னபோது மிகவும் வருத்தமாக இருந்தது.

சரி, பிராஞ்சுகளை 'ரிலீஸ்/2.4' என்று மாற்றலாம் என்று பார்த்தால், 'ரிலீஸ்' என்ற பெயரிலேயே பழைய பிராஞ்ச் ஒன்று இருக்கிறது. அது இருக்கும்வரை கிட் இதை அனுமதிக்காது. அதை நீக்கிவிடலாமா, வேறு பெயர் கொடுப்பதா?

அப்புறம், டேகுகளை 'வி2.4.0' என்று மாற்றி, செர்வரில் பழையதை நீக்கினாலும் மற்றவர்களின் கணினியில் அவை அப்படியே இருக்கும். யாராவது தெரியாமல் எல்லா டேகையும் புஷ் செய்தால் (செர்வருக்கு அனுப்பினால்) மறுபடி வந்துவிடும். எல்லோரும் புதிதாக குளோன் செய்யாமல் (செர்வரிலிருந்து முழு நகல் எடுக்காமல்) இதை முடித்தவர்கள் இருந்தால், எந்த வரிசையில் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அடுத்த வெளியீடு இருக்கிறது.