90களில் போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. பதின்வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு மர்மக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1994 மே மாதம், கொடைக்கானல் சீசன். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் ஒரு பெண், ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் லீவுக்கு மட்டும் வேலைக்குச் சேர்கிறாள். பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சிக்கு வந்த ஒருவர் கழுவக் கொடுத்த ஃபிலிம் ரோல் அவள் கைக்கு வருகிறது. 36 படம். ஆறு ஆறாக வெட்டினால் ஆறு துண்டு இருக்க வேண்டும். கவரில் ஐந்துதான் இருக்கிறது. நெகட்டிவ் ஓரத்தில் கம்பெனியே அச்சிட்டிருக்கும் எண்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். 12க்கு அப்புறம் நேராக 19.

முதலில் அவள் டார்க் ரூமில், அதாவது படம் கழுவும் இருட்டறையில், சிவப்பு விளக்கடியில் கலர்ப் படம் பிரிண்ட் போடுவதாக எழுதிவிட்டேன். அந்த விளக்கு கருப்பு வெள்ளைப் பேப்பருக்குத்தான், கலர்ப் பேப்பர் வீணாகிவிடும் என்று தெரிந்ததும் மூன்று அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். படிக்கிற பிள்ளைகளை ஏமாற்றக் கூடாது. துப்பு ஒவ்வொன்றும் நிஜமாக இருக்க வேண்டும்.

மலை ஊர் ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கலர் ரோலை அங்கேயே கழுவினீர்களா, மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ பஸ்ஸில் அனுப்பினீர்களா? திரும்பி வர எத்தனை நாள் ஆகும்? யாரும் வாங்க வராத கவர்களை எங்கே வைப்பீர்கள்? லீவுக்கு வந்த பிள்ளைகளை டார்க் ரூமுக்குள் விடுவார்களா? உங்கள் அப்பாவோ மாமாவோ ஸ்டூடியோ வைத்திருந்தால் அவர்களிடம் கேட்டுச் சொன்னாலும் போதும்.