பழைய பப்பை உணவகமாக்கியவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உட்புற மரவேலை எடுத்துச் செய்பவர், வடமேற்கு லண்டன்:

மூடிக் கிடக்கும் பப்பை லீஸுக்கு எடுக்கிற நம்மவர்கள் முதல் நாளே கேட்பது, "மது ஊற்றுகிற அந்தக் கவுண்டரைத் தூக்கிட்டா எத்தனை டேபிள் கூடப் போடலாம்?" என்றுதான். நாலு போடலாம், மிஞ்சினால் ஐந்து. ஆனால் எடுத்த பிறகு, உள்ளே வருகிறவருக்கு அது ஏதோ ஒரு ஹால். விக்டோரியா காலத்துப் பப்பில் அந்தக் கவுண்டரும், பின்னால் கண்ணாடி பதித்த அலமாரியும், இடுப்பளவுக்குப் பளபளக்கும் ஓடுகளும்தான் சொத்து. இன்று புதிதாகச் செய்யச் சொன்னால் விலை கேட்டே பின்வாங்கிவிடுவீர்கள்.

அடுத்தது உட்கூரை. இங்கிலாந்தில் பப்புக்குள் புகை பிடிப்பது 2007 ஜூலை 1 அன்றுதான் நின்றது. அதுவரை பிடித்த அத்தனை சிகரெட்டும் மேலேதான் அப்பிக் கிடக்கிறது. நேரே வெள்ளை எமல்ஷன் அடித்தால் சில நாளிலேயே பழுப்புத் திட்டு மேலே வந்துவிடும். எத்தனை கோட் அடித்தாலும் இதே கதைதான். முதலில் கழுவ வேண்டும். வாளியில் விழும் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு கறையை அடைக்கிற ஷெல்லாக் பிரைமர், அதற்கு மேல்தான் பெயிண்ட்.

கூரையில் சுழி சுழியாக ஆர்டெக்ஸ் பூச்சு இருந்தால் கையே வைக்காதீர்கள். பழைய ஆர்டெக்ஸில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். இங்கே ஆஸ்பெஸ்டாஸ் முழுதாகத் தடையானது 1999இல். அதற்கு முந்தைய கட்டடம் என்றால், உடைக்கிற வேலை தொடங்குவதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சர்வே எடுத்தே ஆக வேண்டும். செலவு என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் வேலை எடுப்பதில்லை.

உணவகம் நடத்துபவர், தெற்கு லண்டன்:

அண்ணை முன்பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் பின்பக்கத்தைச் சொல்கிறேன். பப்புக் குசினி என்பது சிப்ஸ் பொரிக்கவும் பை (pie) சூடாக்கவும் போட்டது. அதில் எங்கள் தாளிப்பையும் கொத்து ரொட்டியையும் தொடங்கினால் முதல் கிழமையே பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு எழுதிவிடுவார். காசு போகிற இடம் புகைக்குழாய்தான். கூரை முகட்டுக்கு மேலே ஒரு மீட்டர் போக வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். கட்டடம் பழமையான கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தபடியால் முன்சுவரிலோ பக்கச்சுவரிலோ குழாய் தெரியக்கூடாதாம். கடைசியில் மேல்மாடியில் ஒரு சாமான் அறையை விட்டுக்கொடுத்து, அதற்குள்ளால் குழாயை ஏற்றி, சுற்றிவர நெருப்புத் தடுப்புப் பலகை அடைத்தோம். கொழுப்பு வடிகட்டி, கரி வடிகட்டி, விசிறிச் சத்தத்துக்குச் சைலன்சர் எல்லாம் தனிக் கணக்கு. கதிரை மேசை வாங்கிய காசு இதற்குக் கிட்டவும் வராது.

ஆனால் நிலவறை கிடைத்தது பெரிய லாபம். பீப்பாய் பியரை 11 முதல் 13 டிகிரியில் வைக்க வேண்டும் என்பதால் குளிரூட்டி ஏற்கெனவே பூட்டியிருந்தது. மரக்கறிக்கு அது போதும். பீப்பாய் உருட்டி இறக்கிய நடைபாதைக் கதவால் இப்போது அரிசி மூட்டை இறங்குகிறது. நிலம் ஈரம் கசியும், அதனால் மூட்டைகளைப் பலகைத் தட்டில்தான் அடுக்க வேண்டும்.

திட்ட அனுமதி வேலை பார்ப்பவர்:

கவுண்டரை எடுக்கிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் பப்பை உணவகமாக்க அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2017 மே 23 முதல் கேட்க வேண்டும். 2020 செப்டம்பரிலிருந்து கட்டடப் பயன்பாட்டுப் பிரிவுகளில் பப் தனி வகை, உணவகம் 'ஈ' வகை. பப்பாகவே வைத்துக்கொண்டு, கவுண்டரில் குடிக்க வருபவருக்கும் இடம் விட்டுச் சாப்பாட்டைப் பெருக்கினால் பாதை சுலபம். பட்டியலில் உள்ள கட்டடத்தில் சம்மதம் வாங்காமல் கவுண்டரைப் பெயர்த்தால் அது அபராதத்தோடு முடிகிற விஷயமில்லை, குற்ற வழக்கு.

சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைத்தால் மைடா வேலில் இருக்கும் கார்ல்டன் டேவர்ன் என்ற பப்பைப் போய்ப் பாருங்கள். 2015 ஏப்ரலில் அனுமதியில்லாமல் இடித்தார்கள். இருந்தபடியே திரும்பக் கட்டு என்று வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் உத்தரவு போட்டது. கட்டினார்கள். 2021 ஏப்ரலில் மறுபடி திறந்தது.

சாப்பிட மட்டும் போகிறவர்:

நான் கட்டவும் இல்லை, இடிக்கவும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். ஃபாரிங்டன் ரோட்டில் ஈகிள் என்று ஒரு பப். 1991இல் இரண்டு பேர் எடுத்து நல்ல சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். 'காஸ்ட்ரோபப்' (நல்ல சாப்பாட்டுக்குப் பேர்போன பப்) என்கிற பேச்சே அங்கிருந்துதான் கிளம்பியது. பெரிய மாற்றம் ஒன்றும் செய்யவில்லை. கவுண்டருக்குப் பின்னாலேயே அடுப்பு, மெனு கரும்பலகையில். சமைப்பதையும் பியர் ஊற்றுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். இப்போது சாம்பல் பெயிண்ட் அடித்து, நிர்வாண பல்பு தொங்கவிட்டு, 'மாடர்ன் டைனிங்' என்கிறார்கள். எல்லாக் கடையும் ஒரே முகம்.

சௌத்தாலில் கிளாஸி ஜங்ஷன் ஞாபகம் இருக்கிறதா? பியருக்கு இந்திய ரூபாயே வாங்குவார்கள் என்று பேர்பெற்ற பப். அது மூடி, தென்னிந்திய சைவ உணவகம் ஆகிவிட்டது. பைண்ட் தூக்கிய இடத்தில் தோசை!

மரவேலை செய்பவர்:

தம்பி நிலவறை பற்றிச் சொன்னது நல்ல விஷயம். இன்னொன்று விட்டுப்போச்சு. பழைய பப்புக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாசல் இருக்கும், தொழிலாளிக்கு ஒரு பக்கம், துரைமாருக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக் கட்டியதால். "ஒன்று போதும், மற்றதை அடைச்சிடுங்க" என்பார்கள். அடைக்காதீர்கள். டெலிவரிப் பையன்கள் ஹெல்மெட்டோடு வந்து நிற்க அந்தப் பக்கவாட்டு வாசல்தான் சரி. சாப்பிடுகிறவர் தோளில் பார்சல் பை இடிக்காது. கவுண்டரின் அந்த மூலையை பார்சல் கொடுக்க விட்டுவிட்டால், கவுண்டரை வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் ஆச்சு.