கட்டங்களால் கட்டிய எழுத்துரு: புதுப்பிப்பு

எங்கட கிளிநொச்சிப் பக்க வாசிகசாலைப் பெயர்ப்பலகைக்கு ஃபொன்ட்ஸ்ட்ரக்டில் (கட்டங்களில் துண்டுகளை அடுக்கி எழுத்துரு செய்கிற இணையக் கருவி) தமிழ் எழுத்துரு செய்கிறேன், வளைவுகள் படிக்கட்டு மாதிரி வருகுது, என்ன செய்யலாம் என்று போன பதிவில் கேட்டிருந்தேன். இப்ப சரிவந்திட்டுது.

வெளிவளைவுக்கும் உள்வளைவுக்கும் ஒரே அளவுக் கால்வட்டத்தைப் போட்டால் மூலையில் கோடு தடித்துவிடும். கோட்டின் தடிப்பு ஒரு கட்டம், வெளி ஆரம் மூன்று கட்டம் என்றால் உள் ஆரம் இரண்டாக இருக்கவேணும், இரண்டுக்கும் மையம் ஒன்றாகவே இருக்கவேணும். இது பிடிபட்டதும் மூன்றுசுழி 'ண' அவ்வளவு அழகாக வந்தது, ஒரு சுழியைச் செய்து அதையே திருப்பிப் பாவித்தேன்.

சாய்வுகளுக்கு ஒன்றுக்கு ஒன்று (45 பாகை), ஒன்றுக்கு இரண்டு (கிட்டத்தட்ட 26.6 பாகை) ஆகிய இரண்டு முக்கோணங்கள் மட்டும்தான். அதற்கு மேல் கலந்தால் எழுத்துகள் ஒரே குடும்பமாகத் தெரியாது.

ஜெர்மன் ஓவியர் ஜோசப் அல்பர்ஸ் 1920களிலேயே சதுரம், கால்வட்டம், வட்டம் மூன்றையும் வைத்து லத்தீன் எழுத்துகளைக் கட்டியவர். தமிழுக்கு அந்த மூன்றும் காணாது, 'ழ'வின் வாலுக்கு மட்டும் தனியாக ஒரு துண்டு வரைந்தேன். 'ஐ' இன்னும் மிச்சம், யோசனை இருந்தால் சொல்லுங்கோ.