டைவ்: முன்சாய்வா, பின்சாய்வா?

சாட்ஸ்வர்த் அப்பா:
மகளுக்கு 12 வயது, 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறாள். பீப் கேட்டதிலிருந்து 15 மீட்டர் குறியைத் தலை கடக்க 8.4 வினாடி. போன் வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக எண்ணினால், பிளாக்கை (குதிக்கும் மேடையை) விட்டுக் கால் கிளம்பவே 0.84. பள்ளிக் குளத்தில் வெறும் தட்டை பிளாக். காலா (நீச்சல் போட்டி) நடக்கும் பெரிய குளத்தில் பின்காலை ஊன்றச் சாய்பலகை உண்டு. உடம்பை முன்னால் சாய்த்து நிற்பதா, பின்னால் இழுத்து நிற்பதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

லேன்4:
முன்சாய்வுதான், இதில் என்ன கேள்வி? 0.84 என்றால் பந்தயம் பிளாக் மேலேயே போய்விட்டது. பெரிய வீரர்கள் 0.6, 0.7க்குள் கிளம்பிவிடுகிறார்கள். இடுப்பு முன்காலுக்கு நேர்மேலே வரட்டும், தோள் விளிம்பைத் தாண்டட்டும். பீப் வந்ததும் கையை விட்டால் உடம்பு தானாக விழும். நம்ம டர்பன் பையன் சாட் லெ க்ளோ 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஃபெல்ப்ஸை வென்றது 0.05 வினாடியில். அதை பிளாக்கில் தொலைத்துவிட்டு எங்கே போய்த் தேடுவது?

பீனிக்ஸ் கோச்சக்கா:
அண்ணா, அந்த 0.05 கிடைத்தது டைவில் அல்ல, கடைசிச் சுவரில். ஃபெல்ப்ஸ் மிதந்துகொண்டே வந்து தொட்டார், லெ க்ளோ கையை வீசித் தொட்டார். உங்கள் உதாரணம் உங்களுக்கே எதிராக நிற்கிறது :)

"தானாக விழும்" என்கிறீர்களே, கோளாறே அதில்தான். விழுகிற உடம்புக்குக் கீழ்நோக்கிய வேகம் வரும். முன்னோக்கிய வேகம் கால் தள்ளினால்தான் வரும், தள்ள நேரம் பிடிக்கும். முன்னால் சாய்ந்த பிள்ளை கொஞ்சம் முந்திக் கிளம்பி, இரண்டே மீட்டரில் தொப்பென்று இறங்கும்.

அதற்காகக் குதிகால்மேல் உட்காரவும் கூடாது. அப்படி உட்கார்ந்தால் 0.84 போய் 0.95 ஆகிவிடும். நடுவிலிருந்து சற்றே பின்னால், அவ்வளவுதான். முன்கால் விரல்கள் விளிம்பைக் கவ்வ வேண்டும்; ஒரு காலாவது முன்விளிம்பில் இருக்க வேண்டும் என்பது விதியும்கூட. பின்கால் முட்டி ஏறத்தாழ 90 டிகிரி. அதைவிட மடங்கினால் சாய்பலகையை ஒரு இடம் பின்னால் தள்ளுங்கள், மாட்ட 5 இடம் இருக்கிறது. பலகையில் முன்பாதம் மட்டும் படட்டும். இடுப்பு உயரமாக இருக்கட்டும். கை விளிம்பைப் பிடித்து மெல்ல இழுத்தபடி, ஆனால் அசையாமல். அசைந்தால் நடுவர் பீப்பே அடிக்க மாட்டார், முந்தினால் நேராக வெளியேதான்.

லேன்4:
அந்தப் பிள்ளை வாரம் முழுக்கப் பழகுவது தட்டை பிளாக்கில் அக்கா. சாய்பலகை 30 டிகிரி நிமிர்ந்திருப்பதால்தான் இழுத்து நிற்க முடிகிறது. தட்டையில் இழுத்தால் பின்கால் வழுக்கும். அதற்கு இரண்டு காலையும் முன்னால் வைக்கிற பழைய டைவே மேல்.

பீனிக்ஸ் கோச்சக்கா:
வழுக்கும் என்பது சரி. தட்டையில் இழுப்பைக் குறைக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய டைவ் வேண்டாம். பள்ளியில் ஒரு கால்வைப்பு, காலாவில் வேறு கால்வைப்பு என்று பழகினால் இரண்டுமே உருப்படாது.

ஜோபர்க் ஸ்டாப்வாட்ச்:
இரண்டு பேரும் பிளாக்கிலேயே மல்லுக்கட்டுகிறீர்கள். கணக்கைப் பாருங்கள். இந்த நேரத்துக்குப் பிள்ளை 5 மீட்டர் குறியை சுமார் 2 வினாடியில் தாண்டியிருக்கும். மீதி 10 மீட்டருக்கு 6.4 வினாடி, அதாவது வினாடிக்கு 1.56 மீட்டர். அதை 1.7 ஆக்கினால் 5.9 வினாடி. லாபம் அரை வினாடி. பிளாக்கில் எவ்வளவு பிழிந்தாலும் 0.1 தேறுமா?

அப்பா, பக்கவாட்டு வீடியோவில் கை நுழைந்த இடத்தில் ஒரு விரலை வைத்து நிறுத்திப் பாருங்கள். தலை, இடுப்பு, கால் எல்லாம் அதே ஓட்டையில் நுழைகிறதா? முழங்கால் மடங்கியிருந்தால் கால் தனியாகத் தண்ணீரை அறையும். பின்னால் வெள்ளையாக நுரைவால் தெரியும். அந்த நுரைதான் போன வேகம்.

லேன்4:
உள்ளே போனதும் கிக் அடித்தால் சரியாகிவிடும்.

ஜோபர்க் ஸ்டாப்வாட்ச்:
ஆகாது. நுழையும்போது இருக்கும் வேகம் எந்த கிக்கும் தரமுடியாத வேகம். அப்போது முட்டியை மடக்கினால் பிரேக் போட்ட மாதிரி. கை மேல் கை, புயங்களைக் காதுக்குப் பின்னால் இறுக்கி, கால் முழுதும் உள்ளே போனபிறகு மனசுக்குள் "ஒன்று" என்று சொல்லும் நேரம் சும்மா போகட்டும். பிறகு சின்னதாக, வேகமாக டால்ஃபின் கிக் (இரண்டு காலையும் சேர்த்து அடிப்பது). இடுப்பு உள்ளே போகுமுன் கைவிரலை மேலே திருப்பினால் வயிற்றில் அடி. திருப்பவே மறந்தால் தரையை நோக்கிப் போகும். 15 மீட்டர் என்பது தண்ணீருக்கடியில் போக விதி வைத்த எல்லை, அதுவரை இழுக்கக் கட்டாயமில்லை. இந்த வயதில் 8, 9 மீட்டரில் வேகம் நீச்சல் வேகத்துக்கு இறங்கியதும் மேலே வரட்டும்.

லேன்4:
"ஒன்று" எண்ணுவதைப் போட்டுப் பார்க்கலாம். முன்சாய்வை இன்னும் விடவில்லை.

சாட்ஸ்வர்த் அப்பா:
நுரைவால் நன்றாகவே தெரிகிறது. கூடவே ஒவ்வொரு டைவிலும் கண்ணாடி கழன்று மூக்குக்கு வருகிறது.

பீனிக்ஸ் கோச்சக்கா:
குளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே இறங்குகிறாள். பறக்கும்போதே தாடையை உள்ளே இழுத்து, உச்சந்தலையால் நுழையச் சொல்லுங்கள். பட்டையை இறுக்கினால் கண்ணைச் சுற்றித் தழும்புதான் மிச்சம். பிளாக் இருக்கும் பக்கம் பள்ளிக் குளம் எவ்வளவு ஆழம்?

சாட்ஸ்வர்த் அப்பா:
1.1 மீட்டர் என்று சுவரில் எழுதியிருக்கிறது.

பீனிக்ஸ் கோச்சக்கா:
அப்படியானால் அங்கே பிளாக் டைவே வேண்டாம். சுவரிலிருந்து 1 மீட்டர் தொடங்கி 6 மீட்டர் வரை குறைந்தது 1.35 இருக்க வேண்டும் என்கிறது போட்டி விதி. பள்ளியில் சுவரை உதைத்துக் கிளம்பி, கைமேல்கையும் "ஒன்று" எண்ணுவதும் பழகட்டும். டைவை ஆழமான குளத்தில் மட்டும் வையுங்கள்.

லேன்4:
1.1ஆ? இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? தட்டை பிளாக் பற்றி நான் எழுதியதை விட்டுவிடுங்கள்.